இரு மலைகளுக்கு இடையே ஒரு வழக்கு



கோடைக்கானலுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகின்றன. அவ்வூரில் 2,343 மீட்டர் உயரத்தில், 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. அங்கிருந்த ஓர் ஆய்வாளருக்கும் கலிபோர்னியாவின் வில்சன் மலை ஆய்வகத்தாருக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் கருத்து மோதல் நடந்தது. கல்வியாளர்கள் எவ்வாறு முரண்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல நேரும்போது, இவ்வரலாறு என் நினைவுக்கு வருகிறது.

ஜான் எவர்ஷெட் இங்கிலாந்துக்காரர். 1907 ஜனவரியில் கோடைக்கானலில் பணியேற்றார். அன்று மலைக்கு மோட்டார் சாலை இல்லை. பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் ஏற வேண்டும். வரும் வழியில் அவர் அமெரிக்காவில் தங்கி, ஜார்ஜ் எல்லரி ஹேல் நிறுவிய வில்சன் மலை ஆய்வகத்தைப் பார்த்து வந்திருந்தார். சூரியனின் கரும்புள்ளிகள் சூறாவளி போன்ற சுழல்கள் என்பது ஹேலின் கருத்து. 1908-இல் அவற்றில் காந்தப்புலத்தை அவர் கண்டறிந்தபின் அக்கருத்து மேலும் வலுப்பெற்றது.

சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். நம்மை நெருங்கும் வாயுவின் கோடு ஊதாப் பக்கமும், விலகும் வாயுவின் கோடு சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். 1909 ஜனவரியில் எவர்ஷெட் இந்நகர்வை அளந்தபோது, கரும்புள்ளியில் வாயு சுழலவில்லை. நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பரவி ஓடியது. உலகின் முதன்மையான சூரிய ஆய்வாளரின் கருத்துக்கு மாறான முடிவு இது. வில்சன் மலையினர் செய்தது என்ன? சார்லஸ் எட்வர்ட் செயின்ட் ஜான் தம் கருவியால் ஏராளமான கோடுகளை அளந்து, எவர்ஷெட் கண்டது உண்மையே என்று 1913-இல் வெளியிட்டார். உயரத்துக்கேற்ப அவ்வோட்டம் மாறுவதையும் விரிவாகக் காட்டினார். இன்று உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

இதனால் இருதரப்பும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயினர் என்று எண்ணிவிட வேண்டாம். கடுமையான வழக்கு இனிமேல்தான் தொடங்கியது.

சூரியக் கோடுகள், புவியில் உண்டாக்கும் அதே கோடுகளைவிடப் பொதுவாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அழுத்தமே காரணம் என்றனர் வில்சன் மலையினர். எவர்ஷெட்டும் அவருடன் பணிபுரிந்த தாமஸ் ராய்ட்ஸும் அதை மறுத்தனர். வாயுவின் இயக்கமே காரணம் என்று எவர்ஷெட் வாதிட்டார். அந்த வாதம் அவரை ஒரு விசித்திரமான இடத்துக்குக் கொண்டு சென்றது. சூரிய வட்டின் விளிம்பு முழுவதிலும் நகர்வு கூடுதலாக இருந்தது. இயக்கமே காரணமென்றால், வாயுக்கள் எல்லாப் பக்கமும் பூமியை விட்டு விலகி ஓடுகின்றன என்றாகிறதே! பூமி சூரிய வாயுவைத் தள்ளுகிறதா? கேட்போர் நகைக்கத்தக்க முடிவு. ஆயினும் அவர் அதை மறைக்கவில்லை. சோதிக்க ஒரு வழி கண்டார்: வெள்ளிக்கோள். பூமிக்கு முகம் காட்டாத சூரியப் பகுதியின் ஒளி, வெள்ளியில் பட்டு நம்மிடம் திரும்புகிறது. அவ்வொளியை அவர் படம் பிடித்தார். அதில் நகர்வு குறைவாகவே இருந்தது.

இதற்கிடையில் வழக்கின் எடை கூடிவிட்டது. ஈர்ப்பின் காரணமாகச் சூரியக் கோடுகள் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்று ஐன்ஸ்டைனின் கொள்கை கூறியது. அந்நகர்வு இல்லையெனில் தம் கொள்கையே நிற்காது என்று அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். 1917-இல் செயின்ட் ஜான் அளந்தபோது அது அவருக்குப் புலப்படவில்லை. எவர்ஷெட்டுக்கோ நகர்வு தெரிந்தது. ஆனால் அதன் காரணம் குறித்து ஐயம் நீங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வாசகர்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். பூமி சூரியனைத் தள்ளுகிறது என்ற கருத்தை ஒரே வாக்கியத்தில் கேலி செய்து ஒதுக்குவது எளிது. செயின்ட் ஜான் அவ்வாறு செய்யவில்லை. அவரும் சேத் நிக்கல்சனும் தங்கள் தொலைநோக்கியை வெள்ளிக்கோளின் பக்கமே திருப்பினர். எதிர்த்தரப்பின் சோதனையைத் தாங்களே செய்து பார்த்து, நகர்வின் அளவு வானில் வெள்ளியின் உயரத்துக்கேற்ப மாறுவதைக் கண்டனர். கோள் தாழ்ந்திருக்கும்போது நம் வளிமண்டலம் அதன் நிறங்களைச் சற்றே விரித்துவிடுகிறது. கருவியின் பிளவில் ஒளி சீராக விழுவதில்லை. பிழை சூரியனில் இல்லை, அளவிடும் முறையில் இருந்தது. எவ்வளவு கடுமையான மறுப்பு! எவ்வளவு மரியாதையான மறுப்பும்கூட!

நம்மிடையே மரியாதை என்பது பெரும்பாலும் அடைமொழியோடு நின்றுவிடுகிறது. "ஹஜ்ரத் அவர்கள்" என்று தொடங்கி, அந்த ஹஜ்ரத்தின் நூலை ஒருமுறையும் திறந்து பாராமலே அவரைத் தாக்குகிறோம். ரமளான் பிறை வரும் ஒவ்வோர் ஆண்டும் ஊர்தோறும் இதைக் காண்கிறோம். ஒரே தெருவில் இரண்டு பெருநாள் வருவதைவிட, அந்த இரு நாட்களிலும் அண்ணனும் தம்பியும் ஸலாம் சொல்லாமல் கடந்து போவதே எனக்குப் பெரும் வேதனை.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், மதீனாவாசிகளின் நடைமுறைக்கு மாறாக மார்க்கத் தீர்ப்பு வழங்குவதாகக் கேள்விப்பட்டு, இமாம் மாலிக் (ரஹ்) எகிப்திலிருந்த இமாம் லைஸ் பின் ஸஅத் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். லைஸ் அவர்களின் பதிலை இப்னுல் கையிம் (ரஹ்) தம் நூலில் பாதுகாத்துத் தந்திருக்கிறார்கள். மாலிக் அவர்களின் சிறப்பையும் மதீனாவின் சிறப்பையும் மனமார ஏற்றபின், லைஸ் அவர்கள் ஒவ்வொரு சட்டமாக எடுத்து மறுக்கிறார்கள். மழை இரவில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவது அவற்றில் ஒன்று. மதீனாவைவிட ஷாம் நாட்டில் மழை மிகுதி. அங்கு வாழ்ந்த நபித்தோழர்களுள் எவரும் அவ்வாறு சேர்த்துத் தொழவில்லையே என்று, அபூ உபைதா, முஆத் (ரலி) போன்றோரின் பெயர்களையும் குறிப்பிட்டுக் கேட்கிறார்கள். ஒரு வாதத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடிதத்தின் முடிவில் மாலிக் அவர்களின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்தித்து, தங்களுக்கு ஏதேனும் தேவையிருந்தால் எழுதுங்கள் என்று வேண்டுகிறார்கள். அடுக்கடுக்கான மறுப்பும் இந்த அன்பும் ஒரே மடலில், ஒரே கையால் எழுதப்பட்டவை.

மீண்டும் மலைக்கு வருவோம். 1918-இல் எவர்ஷெட்டுக்கு இலண்டன் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1923-இல் அவர் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஐன்ஸ்டைன் கூறிய நகர்வு உண்மையே என்பதை அந்நாளில் அவர் ஏற்றிருந்தார். அதே ஆண்டில் செயின்ட் ஜானும் தம் பழைய முடிவைக் கைவிட்டு, ஐன்ஸ்டைனுக்கு ஆதரவான முடிவை அறிவித்தார்; 1928-இல் முழு அளவீடுகளையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது.

விளிம்பில் எவர்ஷெட் கண்ட அந்த மிகை நகர்வு மட்டும் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. சூரியப் பரப்பில் வாயு கொதித்தெழுகிறது. வட்டின் நடுவில் நம்மை நோக்கி எழும் வாயு, சிவப்பு நகர்வின் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. விளிம்பில் அந்த ஈடு குறைகிறது. பின்னாளில் வந்தோர் கண்ட விளக்கம் பெரும்பாலும் இதுவே. பூமி தள்ளுகிறது என்ற எண்ணம் பிழையாயிற்று. இயக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்பது நின்றது. அன்றாடம் சூரியனைப் படம் பிடித்த அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் கோடைக்கானல் ஆய்வகத்தின் சேமிப்பாக இன்றும் இருக்கின்றன. புதிய தலைமுறை ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி மறுபடியும் அளந்து வருகின்றனர்.