ஒன்பது இரவு ஊறிய கண் மருந்து

சென்ற வாரம் ஐரோப்பிய மடாலயங்களின் மூலிகைத் தோட்டங்களைப் பார்த்தோம். அங்கே விளைந்த மூலிகைகளில் எது எந்த நோய்க்கு என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

கிரேக்கர்களிடமிருந்து வந்த கொள்கை ஒன்றை வைத்துத்தான். உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டு. அவை அளவோடு இருந்தால் சுகம், ஒன்று மிஞ்சினால் நோய். ஹிப்போகிரட்டஸ் வழிவந்தோரின் இந்தக் கருத்தை கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் விரிவாக்கினார். அரபு மருத்துவர்கள் அதை வளர்த்தெடுத்தார்கள். யுனானி என்ற பெயரில் அது நம் நாட்டுக்கும் வந்தது.

ரத்தம் சூடும் ஈரமும் கொண்டது. சளி குளிர்ச்சியும் ஈரமும். மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும். கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும். மூலிகைகளுக்கும் இதே குணங்களைச் சொல்லி, ஒவ்வொன்றையும் நான்கு படிகளாகப் பிரித்தார்கள். சளி மிஞ்சியவருக்குச் சூடான மிளகு. ரத்தம் மிஞ்சியவருக்கு ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் வடிப்பது.

நோயாளி தேறினால், நீர்கள் சமமாகிவிட்டன என்றார்கள். இறந்தால், மிஞ்சிய நீர் அடங்கவில்லை என்றார்கள். எது நடந்தாலும் கொள்கைக்குத் தோல்வியே இல்லை. நூற்றாண்டுகளாக அது நிலைத்ததற்கும், ரத்தம் வடித்தே பலர் நலிந்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கொள்கை வேறு, கைமருந்து வேறு. 10-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ‘பால்டின் மருத்துவ நூல்’ இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கண்கட்டிக்கு ஒரு மருந்து. பூண்டையும் வெங்காய இனத்துச் செடி ஒன்றையும் சம அளவில் இடிக்க வேண்டும். ஒயினும் மாட்டுப் பித்தநீரும் சம அளவில் சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, கொம்பில் ஊற்றி வைத்து, இரவில் இறகால் கண்ணில் தடவ வேண்டும்.

2015-இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குறிப்பைப் பின்பற்றி மருந்தைச் செய்து பார்த்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் கொன்று குவித்தது. பொருள்களைத் தனித்தனியே சோதித்தபோது அந்த வீரியம் கிடைக்கவில்லை. சேர்மானம்தான் மருந்து. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் பலித்தது என்பதற்காக யாரும் வீட்டில் செய்து கண்ணில் விட்டுக்கொள்ளக் கூடாது.

அளவு, பாத்திரம், நாள் என எல்லாவற்றையும் எழுதி வைத்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த மருந்தைப் பரிசோதிக்க முடிந்தது. எந்த மருத்துவ மரபானாலும், சோதனைக்கு இடம் கொடுக்கும் பகுதியே அதன் உண்மையான சொத்து. நம் வீட்டுப் பாட்டிமாரின் கைப்பக்குவங்களையும் அளவோடு எழுதி வைப்போம்.

அடுத்த வாரம்: மருத்துவர்களை உருவாக்கிய சலேர்னோ நகரம்.

(தொடரும்)