பூத்தண்டில் ஒரு கன்று

1818 நவம்பரில், லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊரில், வில்லியம் கேட்லி என்பவரின் கண்ணாடிக் கூடத்தில் ஒரு பூ விரிந்தது. செடி பிரேசிலிலிருந்து வந்தது. ஊதா இதழும் சுருக்கம் வைத்த உதடுமாக ஒரு கை அகலத்துக்கு நின்ற அந்தப் பூவுக்கு, ஜான் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் கேட்லியின் பெயரையே சூட்டினார்: கேட்லியா லேபியாட்டா. அதன்பின் காசுள்ள இங்கிலாந்துக்காரர்களை ஆர்க்கிட் பித்து பிடித்துக்கொண்டது. கப்பல் கப்பலாகச் செடிகள் வந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன.

அவற்றைக் கொன்றது அலட்சியம் என்று சொல்வதற்கில்லை. வெப்ப நாட்டுச் செடி என்றால் அனல் வேண்டும், காட்டுச் செடி என்றால் இருட்டு வேண்டும், மழை நாட்டுச் செடி என்றால் சதா ஈரம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். லிண்ட்லியே 1830-ல் தோட்டக்கலைச் சங்கத்தில் படித்த கட்டுரையில் அதிக வெப்பம், அதிக ஈரம், ஆழ்ந்த நிழல் என்றுதான் பரிந்துரைத்தார். தோட்டக்காரர்கள் அந்தக் கூடத்தைக் கூப்பிட்ட பெயர் ‘ஸ்டவ்’. நம் சமையலறை ஸ்டவ்தான். சாளரங்களை இறுக மூடி, நிலக்கரி எரித்து, ஆவி பறக்க வைத்து, மலைச்சாரலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த செடிகளை உள்ளே பூட்டினார்கள். இட்லிப் பானைக்குள் வைத்தால் எது பிழைக்கும்?

மாற்றம் புத்தகத்திலிருந்து வரவில்லை, தோட்டக்காரர்களின் கையிலிருந்து வந்தது. 1833-ல் ஒரு கண்காட்சியில் வண்ணத்துப்பூச்சி போன்ற ஓர் ஆர்க்கிட்டைப் பார்த்து மயங்கிய ஆறாவது டெவன்ஷயர் பிரபு, சாட்ஸ்வொர்த்தில் பெரிய தொகுப்பைத் தொடங்கினார். அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், ஜான் கிப்சன் என்ற இளைஞரை 1835-ல் இந்தியாவுக்கு அனுப்பினார். கிப்சன் போய்ச் சேர்ந்த காசி மலையின் சிரபுஞ்சி, உலகத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம். மழை கொட்டும்போதும் காற்று ஓடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும். அங்கே மரக்கிளையில் தொற்றியிருக்கும் செடிக்குப் புழுக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. 1837-ல் கிப்சன் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த செடிகளைப் பாக்ஸ்டன் வெவ்வேறு வெப்பநிலையுள்ள கூடங்களில் பிரித்து வைத்தார், சாளரங்களைத் திறந்தார், தரையை மட்டும் நனைத்தார். செடிகள் பிழைத்தன.

வேரைப் பார்த்தாலே இதற்கான காரணம் தெரியும். மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்டின் வேர், பஞ்சு போன்ற வெண்ணிறப் போர்வை போர்த்தியது. காய்ந்திருக்கும்போது வெள்ளி மாதிரி மின்னும். ஒரு குவளைத் தண்ணீரில் முக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிடும். நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு மறுபடி காற்றில் உலர்வதற்கென்றே அமைந்த வேர் அது. அதை ஈர மண்ணில் புதைத்தால் அழுகும். விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லாத உறை மட்டும் கையோடு வரும். வாடிய ஆர்க்கிட்டைத் தேற்றுகிறவர்கள் இன்றும் முதலில் செய்வது அதுதான்: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சொதசொதத்த வேரை வெட்டிப் போட்டு, விறைப்பானவற்றை மட்டும் விட்டு, கரித்துண்டிலோ ஓட்டுச் சில்லிலோ மரப்பட்டையிலோ காற்றோட்டமாக உட்கார வைப்பது.

வேர்ப் பிரச்சினை தீர்ந்தபின்னும் ஓர் இனம் மட்டும் வேறு விதமாகப் படுத்தியது. ஃபாலினாப்சிஸ், அதாவது அந்துப்பூச்சி போன்றது. இன்று பூக்கடையிலும் ஹோட்டல் வரவேற்பு மேசையிலும் வளைந்த தண்டில் வரிசையாக நிற்கும் அந்த வெள்ளைப் பூதான். மணிலாவிலிருந்து வந்த ஒன்று 1838 வாக்கில் லண்டனை அடுத்த டூட்டிங்கில் பூத்தபோது, டெவன்ஷயர் பிரபு அந்த ஒற்றைச் செடிக்குக் கொடுத்த விலை 100 கினி. பெருக்கத் தெரியாததும் அந்த விலைக்கு ஒரு காரணம். கேட்லியாவைக் கிழங்கு போல இரண்டாக வெட்டி நடலாம். ஃபாலினாப்சிஸுக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அதன் குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகினால் அந்த முனையிலிருந்து இனி இலை கிடையாது.

ஆனால் செடி வேறொரு வழி வைத்திருந்தது. பூத்தண்டின் அடிப்பக்கக் கணுக்களில் சின்னச் செதில் மூடி, அதற்குள் ஓர் உறங்கும் மொட்டு. அது விழித்தால் இன்னொரு பூங்கிளையாகலாம், இலையும் வேரும் விட்டு முழுச் செடியாகவும் ஆகலாம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த லூடமானியானா என்ற இனம் இதைச் சர்வசாதாரணமாகச் செய்யும். ஹவாய்க்காரர்கள் இந்தக் குட்டியைக் ‘கெய்கி’ என்கிறார்கள். அவர்கள் மொழியில் குழந்தை. வாழையின் பக்கத்தில் முளைப்பதையும் அவர்கள் கெய்கி என்றே சொல்வார்கள். நாம் அதைக் கன்று என்கிறோம். கடல் கடந்தும் ஒரே கண்ணால்தான் பார்த்திருக்கிறார்கள்.

தானாக விழிக்கும்வரை காத்திருப்பானேன் என்று கேட்டவர் காவினோ ரோட்டர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர், பூத்தண்டைக் கணுக்கணுவாக நறுக்கி, கிருமி நீக்கி, சத்துக்கூழ் நிரப்பிய குடுவையில் வைத்து மொட்டிலிருந்து செடி எடுத்து 1949-ல் வெளியிட்டார். கூழ் ஏற்கெனவே அங்கே இருந்தது: அதே கார்னெலில் 1922-ல் ஆர்க்கிட் விதைகளைப் பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்க வைத்த லூயிஸ் நட்சனின் கலவை. விதைக்குச் செய்ததை ரோட்டர் தண்டுக்குச் செய்தார். ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பில் பெருக்கிப் பேர்வாங்கிய பிரான்ஸின் ஜார்ஜ் மோரெலுக்கு இது 11 ஆண்டு முந்தியது. பேச்சு என்னவோ மோரெலைப் பற்றித்தான் அதிகம்.

அந்த மொட்டு பூவாவதா செடியாவதா என்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சில வாரங்களுக்கு 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஃபாலினாப்சிஸ் பூத்தண்டு விடும். 28-ஐத் தாண்டியே நின்றால் பூ நினைப்பை விட்டு இலை பக்கம் திரும்பும். அதனால் சென்னை மாதிரி ஊரில், பூ உதிர்ந்து மூலையில் ஒதுக்கப்பட்ட தொட்டியின் தண்டில் சித்திரை வெயிலில் ஏதாவது துருத்தினால் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நுனி உருண்டு மழமழவென்று இருந்தால் வேர். தட்டையாக, கட்டைவிரல் மட்டும் தனியாக நிற்கும் கையுறை போல இருந்தால் பூங்கிளை. இரண்டு இலை எதிரெதிரே பிரிந்தால் கன்று.

நோஞ்சான் செடியில் பூங்கிளை வந்தால் வெட்டிவிடுவதே நல்லது. பூவுக்குச் செலவழிக்க அதனிடம் எதுவும் இல்லை. குருத்து அழுகிய செடியில் கன்று வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். தாய்ச் செடி இலையிலும் வேரிலும் மிச்சமிருந்ததை அங்கேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கன்றின் வேர் இரண்டு அங்குலம் எட்டும்வரை அது தண்டிலேயே தொங்கட்டும்.