இழையும் பாலும்

வரலாறு என்றால் மன்னர்களின் முடிசூட்டும் படையெடுப்புமே என்று எண்ணும் பழக்கம் மாணாக்கரிடையே உண்டு. ஆயினும், ஒரு மக்கள் கூட்டம் எங்கிருந்து வந்தது, யாரோடு கூடி வாழ்ந்தது, எதனை இழந்தது என்பவற்றை அதன் உணவுக்கலமும் எடுத்துரைக்கும். பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோவிலும், மலேசியாவின் பிற ஊர்களைப் போலவே, கோதுமை மாவிழைகளைப் பாலேட்டில் வெந்த கோழியிறைச்சியோடு கலந்து இரவு உணவாக ஆக்கும் தமிழ் இல்லங்கள் இன்று உள்ளன. பிள்ளைகள் அதனைப் ‘பாஸ்தா’ என்பர். முதியோர் ‘வெள்ளைக்காரன் சாப்பாடு’ என்பர். அவ்வுணவு தமிழர்க்கு முற்றிலும் அயலானதுதானா என்பது ஆராயத்தக்கது.

பண்டை இழை

மாவை இழையாக்கி உண்ணும் கலை எந்த ஓர் இனத்தார்க்கும் தனியுடைமையன்று. சீனத்தின் லாஜியா என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையுடைய மாவிழைகள் ஒரு மண்கலத்தினுள் கிடைத்தமை 2005இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இத்தாலிக்கு இக்கலையைக் கொணர்ந்தவர் மார்க்கோ போலோ என்பது கட்டுக்கதையே. அவர் வெனிஸ் நகர் திரும்பியது 1295இல். அதற்கு முன்னரே, 1154இல், அல் இத்ரிசி என்னும் அரபு அறிஞர் சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவிழைகள் செய்யப்பட்டுக் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றதை எழுதியுள்ளார்.

தமிழகத்தின் சான்றோ இதனினும் பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, அப்பம் விற்கும் கூவியரைக் குறிப்பிடுமிடத்தில், இழைகள் சூழ்ந்த வட்டமான பண்டம் பாலிலே கிடக்கும் தோற்றத்தை உவமையாக்குகின்றது. இழையையும் பாலையும் ஒரே கலத்தில் கண்ட கண்கள் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் காலத்திலேயே இருந்தன என்பது இதனால் பெறப்படும்.

தென்னை மண்

பாகான் டத்தோவின் பால் ஆவின் பாலன்று, தேங்காய்ப்பால். கடலோரக் களிமண் சதுப்பில் கரைகட்டி, வடிகால் வெட்டி, உவர்நீரைத் தடுத்துத் தென்னை வளர்க்கப்பட்டது. ஜாவானியரும் பஞ்சாரியரும் சிறு தோப்புகளை அமைத்தனர். ஐரோப்பிய நிறுவனங்கள் பெருந்தோட்டங்களைத் திறந்தன. 1906இல் டென்மார்க்கு நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் ரப்பரோடு தென்னையையும் வளர்த்தது. இத்தகைய தோட்டங்களின் உழைப்புக்கெனத் தமிழகத்திலிருந்து மக்கள் கொணரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அவ்வரவு நீடித்தது.

நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் காய் பறித்து, கூரிய இரும்பில் குத்தி மட்டையுரித்து, உடைத்து, சூளையிலிட்டுக் கொப்பரையாக்கிய கைகள் அவர்களுடையவை. அக்கொப்பரை எங்கே சென்றது? 1869இல் பிரான்சில் ஏழைகளின் வெண்ணெயாக மார்ஜரின் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் மாட்டுக்கொழுப்பைக் கொண்டு செய்யப்பட்ட அதற்கு, இருபதாம் நூற்றாண்டில் தேங்காயெண்ணெய் முதன்மையான மூலப்பொருள்களுள் ஒன்றாயிற்று. ஐரோப்பியத் தொழிலாளியின் ரொட்டியில் தடவிய கொழுப்பின் பின்னே கீழைநாட்டுத் தோட்டத் தொழிலாளியின் வியர்வை இருந்தது. ‘வெள்ளைக்காரன் சாப்பாடு’ என்று முதியோர் சொல்லும்போது இந்த உண்மையையும் உடன் நினைத்தல் வேண்டும்.

அடுக்களை அறிவு

ஏற்றுமதியானது கொப்பரை, லயத்து அடுக்களையில் தங்கியது பால். கோழியிறைச்சி திருநாளின் சிறப்புணவாக இருந்த நாட்களில், தாய்மார் தேங்காயைத் துருவிப் பிழிந்து முதற்பாலைத் தனியே எடுத்து வைப்பர். நீர்விட்டு மீண்டும் பிழிந்த இரண்டாம் பாலில் அம்மியில் அரைத்த மசாலையோடு கோழி வேகும். இறக்கும் தறுவாயில்தான் முதற்பால் சேரும். நெடுநேரம் கொதித்தால் நீரும் கொழுப்பும் பிரிந்து பால் திரியும் என்பதை எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இடியாப்பமும் அத்தகையதே. கோதுமையில் மாவைப் பிணைக்கும் பசைப்புரதம் இயல்பாகவே உண்டு. ஆதலால் பாஸ்தா கொதிநீரில் வெந்தும் உருக்குலையாது. அரிசியில் அப்புரதம் இல்லை. எனவே மாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, அதன் மாச்சத்தையே பசையாக்கி, அச்சில் பிழிந்து ஆவியில் அவித்தனர். மலாய் மக்கள் இதனைப் ‘புத்து மாயாம்’ என்றழைத்துச் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் சேர்த்துத் தம் உணவாகவே ஏற்றுக்கொண்டனர். தமிழர்தாமும் ‘சந்தான்’ என்னும் மலாய்ச் சொல்லைத் தேங்காய்ப்பாலுக்கு இயல்பாக வழங்குகின்றனர். கொடுத்தலும் கொள்ளலும் அடுக்களையில் சச்சரவின்றி நிகழ்ந்தன.

மறைவதும் நிற்பதும்

காலம் மாறிற்று. தென்னை நின்ற நிலங்கள் பலவற்றைச் செம்பனை கொண்டது. தோட்டக் குடும்பங்கள் தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்தன. 2017இல் பாகான் டத்தோ தனி மாவட்டமாயிற்று. தென்னைக்குப் பெயர்பெற்ற ஊராக இன்றும் விளங்குகின்றது. எனினும் நாடு முழுமைக்கும் வேண்டிய தேங்காயில் ஒரு பகுதி இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதியாகின்றது. பெட்டியில் அடைத்த பால் பல இல்லங்களில் துருவலகையை ஓய்வு கொள்ளச் செய்துவிட்டது.

இந்நிலையில் கோழிப் பாஸ்தாவைப் பழிப்பதில் பயனில்லை. மலேசிய இல்லங்களில் பாலும் பாலேடும் விட்டுச் செய்யும் ‘கார்பனாரா’வை இத்தாலியரே தம் உணவென ஒப்பார், அவர்தம் முறையில் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்டு, பாலேடு இல்லை. ஆகவே அதுவும் இம்மண்ணில் உருமாறிய உணவே. பாலேட்டுக்கு மாற்றாக முதற்பாலை ஊற்றும் இல்லத்தில் பழமையும் புதுமையும் கைகோக்கின்றன.

உண்மையான இழப்பு வேறிடத்தில் உள்ளது. தோட்டத்துக் கணக்கேடுகள் காய்களையும் கொப்பரையையும் எண்ணின. அடுக்களையில் நின்ற தாயின் அறிவை எவரும் ஏட்டில் ஏற்றவில்லை. அவ்வறிவை இன்று சுமந்து நிற்போர் முதியோரே. பாட்டியிடம் முதற்பாலை எப்போது ஊற்றுவது என்று கேட்டு எழுதி வருமாறு தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரைப் பணிப்பாராயின், அந்த ஒரு பக்கம் கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். பாகான் டத்தோவின் எழுதப்படாத வரலாற்றில் ஓர் ஏடாகவும் நிலைக்கும்.