ஓரெழுத்துப் பிழையும் புரதத்தின் பொருளும்

‘மரம்’ என்னும் சொல்லில் இடையின ரகரம் வல்லின றகரமாயின் ‘மறம்’ ஆகும். மாறியது ஓரெழுத்தே, பொருளோ முற்றும் வேறாயிற்று. வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்த இப்பாடத்தையே மார்பகப் புற்றுநோய் ஆய்வின் வரலாற்றிலும் காண்கிறோம்.

சில குடும்பங்களில் இந்நோய் தலைமுறைதோறும் தோன்றக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் அமெரிக்க அறிவியலாளர் மேரி-கிளேர் கிங் குழுவினர் காட்டினர். 1994இல் மார்க் ஸ்கால்னிக் குழுவினர் அதனைப் பிரித்தறிந்தனர். அதுவே பிஆர்சிஏ1. அது தரும் புரதம் 1,863 அமினோ அமிலங்களால் ஆனது, முறிந்த டி.என்.ஏ. இழைகளைப் பிழையின்றிச் செப்பனிட உதவுவது.

மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இப்புரதத்தின் 61ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன், துத்தநாக அணுவைப் பற்றி நின்று மடிப்பைக் காக்கிறது. ஓரெழுத்து மாறி அங்கே கிளைசின் வந்தால் அப்பிடி தளர்கிறது, வடிவம் குலைகிறது, வடிவம் குலையவே தொழிலும் கெடுகிறது.

எழுத்து குறைந்தால் கேடு இன்னும் பெரிது. ‘இவள் மகள் நலம்’ என்பதில் முதலெழுத்தை அடுத்த இரண்டை நீக்கி, மும்மூன்றாகவே படித்தால் ‘இமக ள்நல ம்’ என்றாகும். பிஆர்சிஏ1இல் ஈரெழுத்து நீங்கிய ‘185டெல்ஏஜி’ என்னும் பிறழ்வு இத்தகையது. நிறுத்தக் குறி முன்னரே வந்துவிட, புரதம் 40 அமினோ அமிலங்களைக்கூட எட்டாது முடிந்துவிடுகிறது. யூதக் குடும்பங்களில் பெரிதும் அறியப்பட்ட இப்பிறழ்வு, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தாரின் ஆய்வில் தென்னிந்தியப் பெண்களிடமும் காணப்பட்டது. ஆகவே இது நமக்கு அயலார் செய்தி அன்று.

சிங்கப்பூரில் 2002 முதல் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் நடைபெறுகிறது. மரபணுச் சோதனையும் இங்கு உண்டு. ஆயினும் உலகத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினருடையவை. எனவே ஆசியர் சோதனை முடிவுகளில் ‘பொருள் துணியப்படாதவை’ மிகுதி. எழுத்து மாறியது தெரிகிறது. பொருள் மாறியதா என்பது தெரிவதில்லை. நம்மவர் பங்கேற்கும் ஆய்வுகள் பெருகினாலன்றி இவ்வையம் தீராது.

ஒருமுறை தேக்கா சந்தையில் நம்மோடு பேசிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், தம் தாய்க்கும் தமக்கைக்கும் வந்த இந்நோயைக் ‘குடும்பச் சாபம்’ என்றார். அச்சொல் நம்மை உறுத்திற்று. சாபத்திற்குச் சோதனை இல்லை, பிறழ்வுக்கு உண்டு. அது தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதியே. வந்தவர் அனைவரும் நோயுறுவதும் இல்லை. மார்பகப் புற்றுநோயாளருள் பெரும்பாலோர்க்கு அது மரபுவழி வந்ததும் அன்று.

சாபம் என்னும் சொல் வாயை அடைக்கும். பிறழ்வு என்னும் சொல் மருத்துவரிடம் கேள்வி கேட்க வைக்கும். அச்சொல்லை வகுப்பறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது தமிழ் கற்பிப்போர் கடமையுமாகும்.