மலைநாட்டுத் தோட்டங்களிற் குடிநீர்: ஊற்று முதற் குடம் வரை

இலங்கைத் தீவின் பெருநதிகள் பலவற்றுக்கும் மலைநாடே தாய்வீடாகும். மகாவலி கங்கையின் தலையூற்றுக்களும் வளவை கங்கையின் தலையூற்றுக்களும் ஹோட்டன் சமவெளியைச் சார்ந்த உயர்நிலத்திலே தோன்றுகின்றன. களனி கங்கை, சிவனொளிபாதமலைப் பக்கத்தினின்று இறங்கும் கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு கிளைகளாற் பெருகுகின்றது. அக்களனி நீரே அம்பத்தளையிற் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு மாநகரத்து இல்லங்களுக்குக் குழாய்வழியே செல்கின்றது. ஆயின், அந்நதி பிறக்கும் ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் பலர், ஊற்றினின்று வரும் நீரை அவ்வாறே குடத்தில் ஏந்தித் தம் அடுப்பங்கரையிலேயே தூய்மை செய்து பருக வேண்டியவராய் இருக்கின்றனர். நீர் பிறக்கும் இடத்திலேயே தூயநீர் அரிதாயிற்று என்னும் இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது? நீரைத் தூய்மை செய்தலும் சேமித்தலும் அம்மக்களின் இல்லங்களில் எத்தகைய சுமையாயின? இவற்றை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரைத் தெளிவித்துப் பருகும் முறைகளைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியச் செய்யும் வழக்கம் கலித்தொகையில் உவமையாக எடுத்தாளப்படுவதே இதற்குச் சான்றாகும். மட்பாண்டத்தின் உட்புறத்தில் அக்கொட்டையை உரைத்து நீரை ஊற்றிவைத்தால், நீரில் மிதக்கும் நுண்மண் ஒன்றோடொன்று கூடிக் கனத்து அடியிற் படியும், மேல்நீர் தெளியும். துணியால் வடித்தல், காய்ச்சி ஆறவைத்தல், செம்பிலும் பித்தளையிலும் நீர் சேமித்தல் என்பனவும் வழிவழி வந்த முறைகளே. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களினின்று மலைநாட்டுக்கு வந்த குடியினர் இவ்வறிவையும் தம்முடன் கொண்டுவந்தனர். ஆயின் அறிவு உடனிருந்தும் அதனைக் கைக்கொள்ளுதற்குரிய வாய்ப்பு அவர்களுக்கு எளிதிற் கிட்டவில்லை.

அவ்வாய்ப்பின்மை அவர்கள் வந்த வழியிலேயே தொடங்கியது. 1830ஆம் ஆண்டளவிற் கோப்பிப் பயிர் பரவத் தொடங்கியபின், தென்னிந்தியத் தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காடுகளினூடே கால்நடையாகத் தம்புள்ளை, மாத்தளை வழியே மலையேறினர். அவ்வழியிற் கிடைத்தது பெரும்பாலும் குட்டை நீரும் பாழ்ங்கிணற்று நீருமே. ஒரே நீர்நிலையிற் பலர் குளித்து, துவைத்து, குடித்துச் சென்றனர். வாந்திபேதி அவ்வழியெங்கும் பலரைப் பலி கொண்டது. அந்நோய் நீரின்வழிப் பரவுவதென்பது அக்கால மருத்துவர்க்கே தெளிவாகத் தெரிந்திலது. இலண்டன் மாநகரில் ஜோன் ஸ்நோ என்னும் மருத்துவர், புரோட் வீதி நீரிறைக்கும் குழாயையும் அதனைச் சூழ்ந்த மரணங்களையும் தொடர்புபடுத்திக் காட்டியது 1854ஆம் ஆண்டிலாகும். ஜெர்மனிய அறிஞர் ரோபேட் கொக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலே வாந்திபேதிக் கிருமியைக் கண்டது 1884ஆம் ஆண்டிலாகும். இவ்வுண்மை நிலைபெறுவதற்கு முன்னரே கோப்பிக் காலம் தன் முடிவை நெருங்கிவிட்டது.

மலையேறியவர்கள் கண்டது வேறோர் உலகம். காடு சூழ்ந்த மலைகளில் ஊற்றுக்கள் வற்றாது சுரந்தன. ஆயின் தோட்டம் அமைத்தற்பொருட்டு அக்காடுகளே அழிக்கப்பட்டன. காடு மழைநீரை ஏந்தி மெல்ல மெல்ல ஊற்றுக்கு அளிப்பது. அது அழிந்தவிடத்து மழைநாளில் மண் கரைந்து வெள்ளமாக ஓடுவதும், வெயில்நாளில் ஊற்று மெலிவதும் இயல்பாகும். இவ்வாபத்தை உணர்ந்தே 1873ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், இலங்கையின் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காக்க வேண்டுமென்று குடியேற்ற ஆட்சியினரை வற்புறுத்தினார். அவ்வுயரத்துக்கு மேற்பட்ட அரசகாடுகளைக் காக்கும் கொள்கையும் அதன்வழித் தோன்றியது. எனினும் அவ்வெல்லைக்குக் கீழேயும், முன்னரே விற்கப்பட்ட நிலங்களிலும், காட்டின் இடத்தைக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பற்றிக்கொண்டன. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைநோய் தோன்றியதும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை பின்னர் மலையெங்கும் பரவியதும் யாவரும் அறிந்த வரலாறு.

கோப்பித் தொழிலாளர் பலர் பருவந்தோறும் வந்து திரும்பியோர்; தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆதலால் தேயிலைத் தொழிலாளர் குடும்பமாய் நிலைத்து வாழ்வோராயினர். ஏறத்தாழப் 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயங்கள் எழுந்தன. அவற்றுக்கு நீரளித்தது பீலியே. மேட்டிலுள்ள ஊற்று நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ இரும்புக் குழாயாலோ இறக்கி ஓரிடத்தில் விழச் செய்வது பீலியாகும். ஒரு லயத்தார் யாவர்க்கும், சிலவிடத்துப் பல லயத்தார்க்கும், ஒரு பீலியே குடிநீர்த் துறையும் குளியல் துறையும் துவைதுறையுமாயிற்று. மலசலகூடங்கள் இல்லாத காலத்தில் மேற்சரிவின் அழுக்கு மழையோடு கரைந்து கீழுள்ள ஊற்றையும் ஓடையையும் சேர்வது தவிர்க்க முடியாததாயிற்று. சரிவான நிலத்தில் ஒரு லயத்தின் கழிவு அடுத்த லயத்தின் குடிநீராகக்கூடும் என்பதே மலைநாட்டு நீர்ச்சுகாதாரத்தின் அடிப்படை உண்மையாகும்.

அரசு இதனை முற்றாகப் புறக்கணித்தது என்று கூறுதற்கில்லை. 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை பற்றிய முதற் சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டில் மருத்துவ வசதி பற்றியும் தொழிலாளரிடைப் பரவும் நோய்கள் பற்றியும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற் சேவை இரயிற் பாதையோடு இணைந்தபின், தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, நோய் ஆராயப்பட்டு அனுப்பப்பட்டனர். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களிலே தொடங்கியது. கொளுக்கிப்புழு குடிநீரால் வருவதன்று. அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுவது. எனினும் அவ்வியக்கம் மலசலகூடம் அமைத்தலை வற்புறுத்தியமையால் மண்ணின் தூய்மைக்கும் நீரின் தூய்மைக்கும் வழி காட்டிற்று. ஆயினும் இம்முயற்சிகளில் ஒரு குறை தெளிவாய்த் தெரிகின்றது. தொழிலாளி நோயுற்று வேலை கெடாதிருத்தலே முதன்மையாகக் கருதப்பட்டது; ஒவ்வொரு வீட்டுக்கும் தூயநீர் உரிமையாதல் வேண்டும் என்னும் எண்ணம் எழவில்லை. ஊற்றிலே செய்யத் தவறிய காவல் இவ்வாறு வீட்டின்மீது, அதிலும் பெண்ணின்மீது, வந்து சேர்ந்தது.

வீட்டிற் கைக்கொள்ளத்தக்க முறைகளுள் தலையாயது காய்ச்சுதலே. உயர்ந்த மலையில் நீர் குறைந்த வெப்பத்திற் கொதிப்பதால் அதன் பயன் குன்றுமோ எனச் சிலர் ஐயுறுவர். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிற் கொதிக்கின்றது. குடலைத் தாக்கும் நோய்க்கிருமிகள் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே மாய்வன. ஆகவே நீர் தளதளவெனக் கொதித்துவிடின் மலையிலும் அச்சமில்லை. இவ்வகையில் தொழிலாளர் நாளும் பருகும் தேத்தண்ணீர் அறியாமலே அமைந்த ஒரு காவலாயிற்று எனலாம். ஆனால் மலையிற் கொழுந்து பறிக்கும்போது தாகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அருகிலுள்ள ஓடை நீரே; அங்கு அடுப்புமில்லை, காவலுமில்லை.

காய்ச்சுதற்கு விலையும் உண்டு. திறந்த அடுப்பில் ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ ஒரு கிலோ விறகு வேண்டும் என்பது நீர்ச்சுகாதார நூல்கள் கூறும் பொதுக்கணக்கு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆளொன்றுக்கு இரண்டு லீற்றர் எனக் கொண்டால், குடிநீருக்கு மட்டும் நாள்தோறும் பத்துக் கிலோ விறகு செலவாகும். கவ்வாத்துக் காலத்தில் மிலாறு கிடைக்கும். ஏனைய காலத்தில் விறகு தேடி நடக்க வேண்டும். விடியலிற் பிரட்டுக்குச் செல்லுமுன் பீலியில் வரிசை நின்று குடம் நிறைத்து, சமைத்து, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்திலே சேர்த்துவிட்டு, பகல் முழுதும் கொழுந்து பறித்து மீளும் பெண்ணிடம், நீரை நன்கு காய்ச்சிப் பருகுக என்று கூறுதல் எளிது. அதற்கான நேரமும் விறகும் எங்கிருந்து வரும் என்று வினவுவார் சிலரே. காய்ச்சாது பருகுவோரை அறியாமையுடையோர் என இகழ்வது இவ்வுண்மையை மறைப்பதாகும்.

காய்ச்சிய நீரும் காக்கப்படாவிடின் மீண்டும் கெடும். வாயகன்ற வாளியிற் கையோடு குவளையை இட்டு மொள்ளும்போது, கையிலுள்ள கிருமி தூயநீரிற் புகுகின்றது. வாய் குறுகிய, மூடியுள்ள, சாய்த்தோ குழாய் திருகியோ ஊற்றத்தக்க கலமே சேமிப்புக்கு ஏற்றது. பழைய குடத்தின் வடிவம் இவ்வகையிற் பொருத்தமானதே. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பித்தளைக் கலத்து நீரிற் குடற்கிருமிகள் ஏறத்தாழ இரண்டு நாளில் மறைவதையும், பிளாஸ்ரிக் கலத்தில் அவை நிலைத்திருப்பதையும் காட்டியது. துணியால் வடிக்கும் பழவழக்கும் வறிதன்று. பழஞ்சேலையைப் பலமடிப்பாய் மடித்து நீரை வடித்த வங்காளதேசக் கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்ததென 2003ஆம் ஆண்டில் ரீற்றா கோல்வெல் முதலிய அறிஞர் வெளியிட்டனர். அக்கிருமி ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் துணியிற் சிக்குவதே அதன் காரணமாகும். குளோரின் இடுவோரும் முதலில் நீரைத் தெளியவைத்து வடித்தல் வேண்டும். கலங்கல் நீரில் அம்மருந்தின் ஆற்றல் சேற்றிலேயே கழிந்துவிடும். எனவே தெளித்தல், வடித்தல், காய்ச்சுதல், காத்தல் என்னும் நான்கும் ஒன்றையொன்று தொடர்வனவாம்.

ஆயினும் இந்நான்காலும் நீங்காத மாசு ஒன்றுண்டு. தேயிலைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் இடும் உரமும் களைகொல்லியும் மழையோடு ஊற்றைச் சேருமாயின், காய்ச்சுதல் அவற்றைப் போக்காது. நீர் வற்றுந்தோறும் உப்புப்பொருள்கள் செறிவடையவே செய்யும். இதற்கு மருந்து அடுப்பங்கரையில் இல்லை. ஊற்றின் மேற்புறத்தைக் காடாகக் காத்தலிலேயே உள்ளது.

அக்காவலைச் செய்விக்கும் ஆற்றல் மக்களுக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டமக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதார் பீலிக்காகக் கேட்டாலும் கேட்பாரில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பிரசாவுரிமை பெற்றபின்னும் ஒரு தடை நின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புக்களிற் சபை நிதியைக் கொண்டு பொதுவசதி செய்தற்குத் தடையாயிருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கிற்று. வாக்களித்துத் தெரிந்த சபையும் தன் வாக்காளருக்கு நீர்வசதி செய்யத் தயங்கி நின்ற காலம் முப்பது ஆண்டுகளாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். குடிநீரின் தூய்மை ஊற்று, வழி, குடம் என்னும் மூன்றிடத்தும் காக்கப்பட வேண்டியது. ஊற்றைக் காத்தல் நிலத்தை ஆள்வோர் கடன்; வழியைக் காத்தல் சபைக்கும் அரசுக்கும் உரிய கடன்; குடத்தைக் காத்தல் இல்லத்தார் கடன். மலைநாட்டு வரலாற்றில் முதலிரு கடன்களும் குன்றியபோதெல்லாம் மூன்றாவதன்மீது முழுச்சுமையும் ஏற்றப்பட்டது. குடத்தை மூடுக, நீரைக் காய்ச்சுக என்னும் அறிவுரை இன்றும் வேண்டப்படுவதே. எனினும் அதனோடு நின்றுவிடுதல் போதாது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வானின் கொடையை முதலில் ஏந்தும் மலைகளிலே வாழ்வோருக்கு, கொழும்பின் இல்லத்திற் கிடைக்கும் தூயநீர் கிடைக்கும் நாளிலேயே நெடிய இவ்வரலாறு நிறைவுறும்.