சமூகத் தணிக்கைக் கிராம சபை

சமூகத் தணிக்கைக் கிராம சபை என்பது, நிறைவேறிய பொதுப்பணிகளின் குணதோஷங்களை, அவற்றில் உழைத்தவரும் பயன்பெற்றவருமான ஊர் மக்களே கூடி, ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராயும் மீள்நோக்குக் கூட்டமாகும். மென்பொருள் குழுக்கள் ஒவ்வொரு பணிச்சுற்றின் முடிவிலும் நடத்தும் மீள்பார்வைக் கூட்டம் இதற்கு இனமானது. ஆயினும் அது குழுவினர்க்குள் அடங்குவது, இதுவோ பகிரங்கமானது.

வரலாறு: நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு மூலமான 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவினால் இக்கடமையைக் கிராம சபைக்கு அளித்தது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் தணிக்கை நிகழ வேண்டும் என்றும், பணியை நிறைவேற்றும் அமைப்பு அதில் தலையிடலாகாது என்றும் அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2011ஆம் ஆண்டின் விதிகள் நிர்ணயித்தன.

நடைமுறை: வேலை அட்டையையும் ஊதியப் பட்டுவாடாவையும் வீடுதோறும் விசாரித்துச் சரிபார்த்தும், ஏரி, வரத்துக் கால்வாய் முதலியவற்றில் நடந்த வேலையை நேரில் கண்டு அளந்தும் தணிக்கையாளர் தொகுக்கும் அறிக்கை, சபையில் பகிரங்கமாக வாசிக்கப்பட்டு, விவாதத்திற்குப் பின் பதிவு செய்யப்படும்.

முக்கியத்துவம்: சுதந்திரமான விசாரணை, கண்கூடான ஆதாரம், அச்சமற்ற விவாதம், தொடர் நடவடிக்கை ஆகிய நான்குமே இதன் பயனை நிர்ணயிப்பன. முந்தைய சபை கண்ட குறைகள் களையப்படாவிடின், அடுத்த சபை வெறும் சடங்காகிவிடும்.