கண்டி மலைப்பாதையும் ஜீப்பின் ஸ்பிரிங்கும்

பாதையில்லாமையே கண்டி அரசுக்கு அரணாக இருந்தது. மன்னர்கள் வண்டித் தடம் வெட்டவிடாமல் ஒற்றையடிப் பாதைகளையே விட்டுவைத்தார்கள். 1815இல் அரசு வீழ்ந்தது. 1820இல் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து மலைக்கு வீதி வெட்டத் தொடங்கினார்கள். அந்த வேலையை நடத்திய கேப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. அந்த வீதியில் காப்பி இறக்கிய மாட்டு வண்டிகளுக்கு ஸ்பிரிங் கிடையாது; மூட்டைக்கு அது தேவைப்படவும் இல்லை. இந்த மலையில் வண்டியின் அடிப்பாகத்தைத் தீர்மானித்தது எப்போதும் அது சுமந்த பாரம்தான். இன்று ஜீப்பை உயர்த்திக் கட்டுகிறவர்கள் மறந்துவிட்டது இதைத்தான் என்பது என் வாதம்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் ஓட்டிய வில்லிஸ் ஜீப்பின் நான்கு சில்லுகளுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரும் அதே வழியில் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் துரையையும் ஆட்களையும் உர மூட்டைகளையும் அதுவே சுமந்தது. முன், பின் அச்சுகளுக்கிடையே 88 அங்குலம் கொண்ட அதன் வண்டியில் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டில் ஓடும் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் சாரதியும் பெட்ரோல் டாங்கியும் ஒரே பக்கம் அமைவதால், அந்தப் பக்கத்துப் பட்டைக்குச் சற்றுக் கூடுதலான வளைவு கொடுத்தார்கள். இரு பக்கத்துப் பட்டைகளையும் இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஓர் ஆளும் ஒரு டாங்கியும் கூடினாலே வேறு ஸ்பிரிங் என்று கணக்குப் பார்த்த காலம் அது.

பட்டை ஸ்பிரிங் வண்டியை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. வண்டியில் இருக்கிற பட்டைகளையே பட்டறையில் அடித்து, வளைவைக் கூட்டலாம். உயரம் ஏறும், விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். அல்லது இன்னொரு பட்டையைச் செருகலாம். உயரத்தோடு விறைப்பும் ஏறும். பட்டையின் தடிப்பு இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால், லொறியில் கழற்றிய தடித்த பட்டை ஒன்றே போதும், இலேசான ஜீப்பைக் கட்டைபோல் ஆக்குவதற்கு. நக்கிள்ஸ் அடிவாரத்தில் மீமுரே பக்கத்துக் கற்பாதையில் ஒரு சில்லு பாறைமேல் ஏறும்போது எதிர்ச்சில்லு பள்ளத்துக்குள் இறங்கவேண்டும். விறைத்த ஸ்பிரிங் அதை இறங்க விடாது. சில்லு அந்தரத்தில் சுழலும், வண்டி நின்றுவிடும். 1970இல் ரேஞ்ச் ரோவருக்கு நீண்டு சுருங்கும் சுருள் ஸ்பிரிங் பூட்டியதும், 1983இல் லேண்ட் ரோவரின் நூற்றுப்பத்து அங்குல வண்டியும் அதையே ஏற்றதும் சும்மா இல்லை: சில்லு தரையை விடாமலிருப்பதே கரடுமுரடான பாதையில் பலம்.

கல் இடிக்கும் பாதைக்கு உயரம் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரு சில்லுகளையும் இணைக்கும் முழு அச்சுள்ள வண்டியில் முதலில் கல்லில் இடிபடுவது அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் குடம். ஸ்பிரிங் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் குடம் ஓர் அங்குலம்கூட மேலே வராது. அதை உயர்த்துவது பெரிய டயர்தான். ஸ்பிரிங்கால் உயர்வது சட்டமும் பம்பரும்தான். செங்குத்தான மேட்டில் மூக்கு இடிக்காமலிருக்கவும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கவும் அது உதவும், மறுக்கவில்லை. அதற்கு விலையும் உண்டு: பாரத்தின் மையம் மேலேறுகிறது. பதினெட்டு வளைவுப் பாதையில் மஹியங்கனைப் பக்கம் இறங்குகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த விலையைக் கொடுக்கவேண்டும்.

தோட்டத்து வண்டிகள் விறைப்பாகத்தானே ஓடின என்றும் சொல்வார்கள். ஓடின, அவற்றின் முதுகில் மூட்டை இருந்தது. வார இறுதியில் இரண்டு பேரும் ஒரு கூடாரமுமாகப் போகும் ஜீப்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பட்டறைக்குப் போகுமுன் வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமான்களோடும் வண்டியை எடைப்பாலத்தில் நிறுத்துங்கள். முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து, அந்த எண்களுக்கு ஏற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள்; எத்தனை அங்குலம் உயரும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.